குளக்கட்டு கசிந்தால் யாரிடம் போவது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை. மாரியில் குளத்தில் நிற்கிற தண்ணீர்தான் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, சித்திரை வெயிலிலும் எங்கள் கிணறுகளில் ஊறுகிறது. அதனால் பழைய மண்கட்டு ஒன்று உடைந்தால் நட்டம் வயல்காரருக்கு மட்டுமல்ல. ஒரு பரப்புக் காணிகூட விதைக்காத வீட்டுக்காரரும் கிணற்றடியில் அதை உணருவார்.

குளம் யாருடைய பொறுப்பு என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். பாசனப் பரப்பு 80 ஹெக்டெயருக்கு, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்கு உட்பட்டவை சிறிய குளங்கள். அவை 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம் வருகின்றன. அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு உரியவை. கோயில் கேணி, ஊர்ச் சந்தைக் குளம் போன்றவற்றுக்கு ஆலய நிர்வாகத்தையோ உள்ளூராட்சி மன்றத்தையோதான் கேட்கவேண்டும். வயல்வெளிக் குளம் என்றால் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள்.

பற்றை வெட்டுவதும் வாய்க்கால் துப்புரவும் கமக்காரர் அமைப்பின் வேலை. துருசு (தண்ணீர் திறந்துவிடுகிற மதகு) திருத்தம், கட்டு உயர்த்துதல், வான் (மிகுதி வெள்ளம் வழிந்தோடுகிற இடம்) கட்டுதல் எல்லாம் திணைக்களத்தின் மதிப்பீட்டோடு நடக்கவேண்டியவை. வாயால் சொன்ன முறைப்பாடு மழையோடு கரைந்துவிடும். ஆகவே கமக்காரர் அமைப்பின் கடிதமாக, புரட்டாதிக்கு முன்னரே கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் எதை எழுதுவது? கட்டின் வெளிப்புற அடியில் போய்க் குனிந்து பாருங்கள். கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் கவனித்துக்கொண்டே இருக்கலாம். கலங்கி, விரலில் மண் ஒட்டினால் கட்டு உள்ளுக்குள் அரிக்கப்படுகிறது; அன்றைக்கே அறிவிக்கவேண்டும். கறையான் புற்று, எலி வளை, உழவு இயந்திரம் போய்ப் பள்ளமான இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். கட்டில் வளர்ந்த பெரிய மரத்தை நீங்களாகத் தறிக்கவேண்டாம். வேர் உக்கினால் அதே வழியாகத் தண்ணீர் புகுந்துவிடும். தண்ணீரைக் கூட்டி நிறுத்த வானில் மண்மூட்டை அடுக்குகிற பழக்கமும் ஆபத்தானது. வெள்ளம் போக வழியில்லாமல் கட்டுக்கு மேலால் பாய்ந்தால் மண் தாங்காது.

கட்டை வெட்டுவதும் குளத்தின் ஒதுக்கு நிலத்தைப் பிடிப்பதும் சட்டப்படி குற்றம். வேலி நகர்வதைக் கண்டால் அதையும் எழுத்தில் கொடுங்கள்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள், மதிப்பீடு போட்டார்களா, பணம் ஒதுக்கப்பட்டதா என்று எந்தப் பிரஜையும் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்கவேண்டும்.

கார்த்திகை மழையில் கட்டு வழுகத் தொடங்கிவிட்டால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். கீழே குடியிருக்கிறவர்களை எழுப்பிவிட்டு, கிராம அலுவலருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அழையுங்கள்.