மினியேச்சர்: சிற்றோவியம் அல்ல, ஏட்டோவியம்

கடலும் கோட்டையும் வானரப் படையும் நிறைந்த தாள் ஒன்றின் கீழே 'சிற்றோவியம்' என்று குறிப்பு. தாளோ ஏறத்தாழ இரண்டடி உயரம், இரண்டரை அடிக்கு மேல் அகலம். இமயமலைச் சாரலில் இருந்த குலேர் அரசின் ஓவியர் மானகு 1725 வாக்கில் தீட்டிய இலங்கை முற்றுகை ஓவிய வரிசையில் ஒன்று அது. இதில் எது சிறிது? ஜோத்பூர் ராமாயணத் தாள்கள் நான்கடி அகலத்தையும் தாண்டும்.

இத்தகைய ஓவியத்தை ஆங்கிலத்தில் 'மினியேச்சர்' என்பார்கள். அதில் 'மினி' என்று காதில் விழுந்ததும் 'சிறு' என்று எழுதிவிடுவதால் வந்த வினை. லத்தீனில் 'மினியம்' என்பது ஈயச் செந்தூரம். அந்தச் சிவப்பால் சுவடியின் முதலெழுத்தைத் தீட்டும் வேலையிலிருந்து இத்தாலிய 'மினியத்தூரா' வந்தது. சிறுமை பின்னால் ஒட்டிக்கொண்ட பொருள்.

'நுண்ணோவியம்' கொஞ்சம் தேவலாம். அணில் வால் மயிர்த் தூரிகையால் இழுத்த கோட்டை அது நினைவூட்டும். ஆனால் ஜம்மு மலைப்பகுதியின் பசோலி ஓவியங்களைப் பாருங்கள்: பின்னணி முழுக்க ஒரே மஞ்சள், அல்லது ஒரே சிவப்பு, மரகதம் பதித்தது போல் மின்னுவது வண்டின் இறக்கை ஓட்டுத் துண்டு. அங்கே கண்ணைப் பிடிப்பது வண்ணத்தின் வீச்சு, நுணுக்கம் அடுத்தபடிதான். போதாக்குறைக்கு, நுண்ணுயிரி, நுண்ணோக்கி என்று பழகிய காதுக்கு, உருப்பெருக்கி வைத்துப் பார்க்கவேண்டிய ஏதோ ஒன்று என்றே இச்சொல் படும்.

சுவரில் இருப்பதைச் சுவரோவியம் என்கிறோம். அது எவ்வளவு பெரிது என்று யாரும் கேட்பதில்லை. அதே முறையில் இது ஏட்டோவியம். 1649–53இல் ராஜஸ்தானின் மேவாரில் உருவான ராமாயணமும், மானகுவின் 1730ஆம் ஆண்டு கீதகோவிந்தமும் தைக்காத தனி ஏடுகள். ஒரு பக்கம் படம், மறுபக்கம் சுலோகம். கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பவை. தொழில்நுட்பமும் ஏட்டுக்கு ஏற்றதே. தாள்களைப் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி 'வஸ்லி' என்னும் கெட்டித் தாள் செய்து, அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். மெருகு போதாவிட்டால் வண்ணம் தாளுக்குள் இறங்கி, கோடு கசியும். வண்ணத்தில் கருவேலம் பிசின் கூடினால், ஏடு வளையும்போது வெடித்து உதிரும். குறைந்தால் விரலில் பொடியாக ஒட்டும். வளையாத சுவருக்கு இந்தக் கவலை இல்லை.

'ஏடு என்றால் பனையோலை அல்லவா' என்பார்கள். நாளேட்டை யாரும் ஓலையில் அச்சடிப்பதில்லை. அப்படியே ஓலைதான் என்றாலும் நட்டமில்லை. 11, 12ஆம் நூற்றாண்டுகளின் (வங்கத்தையும் பீகாரையும் ஆண்ட பால வம்சத்தார் காலத்து) பௌத்தச் சுவடிப் படங்கள் தீட்டப்பட்டது ஓலையில்தான்.

சிற்றோவியத்தை அடியோடு ஒழிக்கவும் வேண்டாம். ஐரோப்பியர் தந்தத் துண்டில் தீட்டிக் கழுத்துப் பதக்கத்துக்குள் வைத்த முகப்படங்களுக்கு அதைக் கொடுத்துவிடலாம்.