கிரயம்: வாங்குவதா, விற்பதா?

பெரியப்பாவின் பீரோவில் ஒரு முத்திரைத்தாள் பல வருஷமாகக் கிடந்தது. "அந்த மனைதானே, கிரயம் ஆயிடுச்சு, பேப்பர் இருக்கு" என்பார். ஒருநாள் எடுத்துப் பிரித்தால், தலைப்பு 'கிரய உடன்படிக்கை'. முன்பணம் கொடுத்தபோது எழுதிக்கொண்டது. மீதிப் பணமும் போகவில்லை, பதிவும் நடக்கவில்லை. கிரயம் என்ற சொல் கண்ணில் பட்டதும், அடுத்த சொல்லுக்குப் போகாமலே மடித்து வைத்துவிட்டார் போல.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழில் கிரயம் என்றால் அத்தனையும்தான். "கிரயம் என்ன சொல்றாங்க?" என்றால் விலை. "கிரயம் பேசியாச்சு" என்றால் பேரம் படிந்துவிட்டது. "கிரயம் முடிஞ்சுது" என்றால் பத்திரம் பதிவாகிவிட்டது. கிரயம் வாங்கினார், கிரயம் கொடுத்தார் என்று இரண்டு பக்கத்துக்கும் அதே சொல்தான் ஓடுகிறது.

வடமொழியில் இந்தக் குழப்பம் இல்லை. 'க்ரீ' என்பது வேர், வாங்குதல் என்று பொருள். அதிலிருந்து வந்த க்ரயம் வாங்குவதை மட்டும் சொல்லும். விற்பதற்கு விக்ரயம் என்று தனிச்சொல் உண்டு. அந்த இரண்டாவது சொல்லும் நம் பத்திரத்துக்குள் ஒளிந்திருக்கிறது. முடியும் இடத்தில் மூச்சுவிடாமல் ஒரு வரி வருமே: "சர்வ சுதந்திர பாத்தியத்துடன், தானாதி விநியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது." இனி இந்தச் சொத்தைத் தானம் கொடுக்கலாம், விற்கலாம், பிள்ளை பேரப்பிள்ளைகள் வரை அனுபவிக்கலாம் என்பதுதான் அதன் சாரம். பத்திர எழுத்தர்கள் சிலர் இதை 'விற்கிரயம்' என்று எழுதுகிறார்கள். வடமொழிப்படி தப்பு. எனக்கென்னவோ அந்தத் தப்பு பிடித்திருக்கிறது. தமிழ்க் காது, வந்த சொல்லுக்குள் 'விற்' என்பதைத் தேடிப் பிடித்திருக்கிறது.

ஆக, கிரயப் பத்திரம் என்பதை எழுத்துக்கு எழுத்து பிரித்தால் 'வாங்கும் ஓலை'. பத்ரம் என்றால் இலை, ஏடு. (பத்திரமாக வை என்கிறோமே, அது 'பத்ர' என்ற வேறொரு வடசொல், நலம் என்று பொருள். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.) ஆனால் அந்த ஓலையை வாங்குபவரா எழுதுகிறார்? விற்பவர்தான் எழுதித் தருகிறார். வில்லங்கச் சான்றில் பாருங்கள், 'எழுதிக் கொடுத்தவர்', 'எழுதி வாங்கியவர்' என்று தெளிவாக இருக்கும். யார் கை எழுதியது, யார் கைக்குப் போனது என்பதில் சந்தேகமே வராது. கிரயம் என்ற சொல் இல்லாமலே வேலை முடிந்துவிடுகிறது.

சரி, தமிழ்ச் சொல் எது? புதிதாக உருவாக்கத் தேவையில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'நிலவிலை ஆவணக் கையெழுத்து' என்றே வருகிறது. விலை ஆவணம். இந்த 'விலை' வந்தது 'வில்' என்ற வினையிலிருந்து. விற்பது, விற்கும் மதிப்பு, இரண்டுமே விலைதான். கிரயம் வாங்குபவர் பக்கம் நின்று பார்த்த சொல். விலை விற்பவர் பக்கம் நின்று பார்த்த சொல். எழுதிக் கொடுப்பவர் விற்பவர் என்பதால், விலை ஆவணம் என்பதே பொருத்தம் என்பேன். 'விற்பனை ஆவணம்' என்றும் எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் எனக்கு அதில் கடைவீதி வாசனை அடிக்கிறது.

விலை என்ற சொல்லுக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 54-ஆவது பிரிவு: விலைக்கு ஈடாக உரிமையை மாற்றிக் கொடுப்பதே விற்பனை. பணம் இல்லாமல் அன்பினால் கொடுத்தால் தானம். சொத்துக்குச் சொத்து மாற்றிக்கொண்டால் பரிவர்த்தனை. விலை இருந்தால்தான் விற்பனை. அந்த விலையை முழுதாகக் கொடுத்திருக்க வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். அவசியமில்லை. கொடுத்தது, கொடுப்பதாகச் சொன்னது, பாதி கொடுத்து மீதிக்கு வாக்குச் சொன்னது எல்லாமே விலைதான் என்கிறது அதே பிரிவு. உரிமை மாறிய பிறகு பாக்கி வராவிட்டால், விற்பவருக்கு அந்தத் தொகைக்காகச் சொத்தின் மேல் பிடிமானம் உண்டு. பாக்கி நிற்கிறது என்பதற்காக விற்பனையே செல்லாது என்று ஆகிவிடாது.

உடன்படிக்கைக்கும் அங்கேயே பதில் இருக்கிறது. விற்பதாகச் செய்யும் ஒப்பந்தம், தன்னளவில் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது. எழுதித் தரச் சொல்லி வழக்குப் போடலாம். அதற்கும் மூன்று வருஷம்தான் கெடு. ஒப்பந்தத்தில் தேதி குறித்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து, இல்லாவிட்டால் மறுத்தது தெரிந்த நாளிலிருந்து. பவர் எழுதி வாங்கினால் போதும் என்ற நம்பிக்கையையும் 2011-இல் உச்ச நீதிமன்றம் உடைத்தது: பவர், ஒப்பந்தம், உயில் மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டாலும் அது விற்பனை ஆகாது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் உரிமை, பதிவான ஆவணத்தால்தான் மாறும். கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் அதைப் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

'சுத்தக் கிரயம்' என்ற தொடரையும் பார்த்திருப்பீர்கள். கன்னடத்திலும் 'சுத்த கிரய பத்ர' உண்டு. சுத்தம் என்றால் இங்கே துடைத்து வைத்தது போல, பின்தொடர்ச்சி எதுவும் இல்லாதது. கெடுவுக்குள் பணத்தைத் திருப்பினால் சொத்து திரும்பும் என்று எழுதப்பட்ட அவதிக் கிரயத்துக்கு இது எதிர். தமிழில் இதற்கு 'அறுதி' இருக்கிறது. கல்வெட்டு வாசகம் ஒன்று இன்னும் அழகு: "விலைக்கற விற்றுப் பொருளறப் பற்றி." அற என்றால் மிச்சமில்லாமல். முற்றிலும் விற்றேன், பணத்தையும் முற்றிலும் பெற்றேன். சுத்தக் கிரயம், விலை வரப்பெற்ற ஒப்புகை இரண்டும் நான்கு சொல்லில் முடிந்துவிட்டன. மலையாளத்தில் இதே பத்திரம் 'தீறாதாரம்'. அங்கே 'தீர்'தல், இங்கே 'அறு'தல். இலங்கைத் தமிழர் இன்னும் சுருக்கமாகக் 'காணி உறுதி' என்கிறார்கள். பத்திரம் என்பதைவிட அந்தச் சொல்லுக்குக் கனம் அதிகம்.

'கிரையம்' என்று ஐகாரம் போட்டு எழுதுவது பத்திரங்களில் பரவலாக இருக்கிறது. மூலச்சொல்லின்படி கிரயம்தான். ஆனால் பழைய பத்திரத்தில் கிரையம் என்று இருப்பதால் பத்திரத்துக்குக் குறை எதுவும் வராது.

ஆவணம் என்ற சொல்லுக்குப் பெரியபுராணத்தில் ஒரு வழக்கே நடக்கிறது. சுந்தரர் தன் அடிமை என்று கிழவர் ஒருவர் ஓலையோடு வருகிறார். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி இந்த மூன்றில் ஒன்றைக் காட்டு என்கிறது வெண்ணெய்நல்லூர்ச் சபை. அனுபவம், பத்திரம், சாட்சி. இன்று வீடு வாங்கப் போகும்போது வக்கீல் கேட்பதும் இதைத்தான். பட்டா இருந்தால் போதாதா என்பவர்களுக்கும் இதிலிருந்தே சொல்லலாம்: வருவாய்த் துறை தரும் பட்டா ஆட்சிப் பக்கம் நிற்கும், ஆவணத்தின் இடத்தில் வந்து உட்காராது. அப்புறம், சுந்தரர் ஏற்கெனவே கிழித்துப் போட்டது படி ஓலை. மூல ஓலையைக் கிழவர் தனியாக வைத்திருந்து சபையில் காட்டுகிறார். இன்றைய மூலப்பத்திரம் தொலைந்தாலோ கிழிந்தாலோ உரிமை போய்விடாது. பதிவான ஆவணத்தின் படி சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும், சான்றிட்ட நகல் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பெரியப்பாவின் தாளுக்கு அந்த வசதியும் இல்லை.