நேஷனல்ஸுக்கு (தேசியப் போட்டிக்கு) ஒரு கல்லூரி அணி எப்படித் தேர்வாகிறது? கிராஸ் கன்ட்ரி ஓடும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அக்டோபர் பிறந்தால் என் கிளினிக்கில் கணைக்கால் வலிதான். வருகிறவர்களில் பாதிப் பேர் கல்லூரியில் கிராஸ் கன்ட்ரி, அதாவது புல்லும் மண்ணும் மேடுமான பாதையில் நெடுந்தூரம், ஓடும் பிள்ளைகள். அமெரிக்காவின் மிட்வெஸ்ட் பகுதியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். இங்கே ஓடுகிறவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகளையும் இப்போது பார்க்க முடிகிறது. அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை சாயங்காலம், இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி அப்பாவோடு வந்தாள். வெள்ளிக்கிழமை ரேஸ். கணைக்கால் எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வந்தேன். கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே, ஒரே ஒரு இடம். அங்கே தொட்டதும் மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதிகம் ஓடுவதால் வரும் சாதாரணக் கணைக்கால் வலி (ஷின் ஸ்பிளின்ட்) என்றால் வலி ஒரு சாண் நீளத்துக்குப் பரவியிருக்கும். காசு அளவு இடத்தில் மட்டும் குத்தினால் எலும்பைச் சந்தேகப்பட வேண்டும். எழுந்து நின்று அந்த ஒற்றைக் காலால் மூன்று தடவை குதிக்கச் சொன்னேன். இரண்டாவதோடு நின்றுவிட்டாள்.

"ஆன்ட்டி, வெள்ளிக்கிழமை மட்டும் ஓடிடறேன். அப்புறம் ரெஸ்ட் எடுத்துக்கறேன்."

"எம்.ஆர்.ஐ. பார்க்காம வேண்டாம்மா."

அவள் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "டீம்ல இவ அஞ்சாவது ஆளுங்க டாக்டர். இவ ஓடலைன்னா நேஷனல்ஸ் சான்ஸே போயிடும்னு பிள்ளைங்க பேசிக்கறாங்க. எனக்கு அந்தக் கணக்கே புரியலை. அக்டோபர்ல ஓடற ரேஸுக்கும் நவம்பர் நேஷனல்ஸுக்கும் என்ன சம்பந்தம்?"

நியாயமான கேள்வி. நம் ஊரில் பல்கலைக்கழகத் தேர்வு ஓட்டத்தில் முன்னால் வந்தவர்களைச் சேர்த்து ஓர் அணியாகப் போட்டிக்கு அனுப்புவார்கள். இங்கே கதை வேறு. எக்ஸர்சைஸ் படங்கள் வரைந்து தரும் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். அதையே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் ஓர் அணியின் புள்ளி எப்படி வருகிறது என்று பார்ப்போம். அணிக்கு 7 பேர் ஓடுவார்கள். அதில் முதலில் வரும் 5 பேரின் இடங்களைக் கூட்டினால் அதுதான் அணியின் புள்ளி. குறைவாக இருப்பவர்களுக்கே வெற்றி. முதல் ஐந்து இடத்தையும் ஒரே அணி பிடித்தால் 15. அதற்குக் கீழே போக முடியாது. ஆறாவது, ஏழாவது ஆட்களின் இடம் கூட்டலில் சேராது. ஆனால் எதிரணியின் ஐந்தாவது ஆளுக்கு முன்னால் அவர்கள் வந்துவிட்டால், அந்த அணியின் புள்ளி ஏறும்.

முன்னால் ஓடும் பிள்ளைகளுக்குள் இடைவெளி இருக்கும். நடுவில்தான் நெரிசல். சில நொடி பிந்தினால் பத்துப் பதினைந்து பேர் கடந்து போய்விடுவார்கள். அணியின் ஐந்தாவது ஆள் பெரும்பாலும் அந்த நெரிசலில்தான் ஓடிக்கொண்டிருப்பார். 2023-ல் சார்லட்ஸ்வில்லில் நடந்த பெண்கள் நேஷனல்ஸில் நார்த் கரோலினா ஸ்டேட் 123, நார்தர்ன் அரிசோனா 124. ஒரே ஒரு புள்ளி. அதற்கு முந்தைய வருடம் ஸ்டில்வாட்டரில் ஆண்கள் பிரிவில் நார்தர்ன் அரிசோனாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் ஆளுக்கு 83 எடுத்து நின்றன. டை-பிரேக்கில் நார்தர்ன் அரிசோனா ஜெயித்தது. இதையெல்லாம் பார்த்து வளரும் பிள்ளை "நான் ஒருத்தி ஓடலைன்னா" என்று பயப்படுவதில் ஆச்சரியமே இல்லை.

இனி தேர்வு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதன் மேல்மட்டப் பிரிவான டிவிஷன் 1-ஐ மட்டும் சொல்கிறேன். டிவிஷன் 2, 3 இரண்டுக்கும் தனித்தனி விதிகள். முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளை நாடு முழுக்க 9 ரீஜன்களாகப் பிரித்திருக்கிறார்கள். நவம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை ஒன்பது இடங்களிலும் ரீஜனல் நடக்கும். பெண்களுக்கு 6 கிலோமீட்டர், ஆண்களுக்கு 10. ஒவ்வொரு ரீஜனிலும் முதல் 2 அணிகள் நேராக நேஷனல்ஸ் போய்விடும். அது 18. நேஷனல்ஸில் ஓடுவது 31 அணிகள். மீதி 13 இடத்தைத்தான் அட்-லார்ஜ் என்கிறார்கள். குழப்பமெல்லாம் இந்தப் பதின்மூன்றில்தான்.

எல்லா ரீஜனும் ஒரே பலம் இல்லை. மௌன்டன் ரீஜனில் நார்தர்ன் அரிசோனா, பிரிகாம் யங், கொலராடோ, நியூ மெக்சிகோ என்று பெரிய அணிகள் ஒன்றாக மோதும். அங்கே நான்காவது வரும் அணி வேறொரு ரீஜனில் ஓடியிருந்தால் முதலாவதாகக்கூட வந்திருக்கலாம். அதனால் மீதி இடங்களுக்கு, ரேஸ் புள்ளியிலிருந்து வேறான ஒரு புள்ளி முறை பல வருடங்களாக இருக்கிறது. இதில் அதிகம் இருந்தால்தான் நல்லது. கோச்சுகள் இதை 'கோலாஸ் பாயின்ட்' என்பார்கள். ஏற்கெனவே உள்ளே போய்விட்ட ஓர் அணியை அந்த சீசனில் கணக்கில் சேரும் ரேஸில் நீங்கள் ஜெயித்திருந்தால் உங்களுக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு ரீஜனிலும் வாசலில் நிற்கும் அடுத்த அணியைப் பார்ப்பார்கள். அதிகப் புள்ளி வைத்திருக்கும் அணி உள்ளே போகும். அது போனதும், அந்த அணியைத் தோற்கடித்திருந்த மற்ற அணிகளுக்கெல்லாம் புதிதாக ஒரு புள்ளி கூடும். திரும்ப எண்ணுவார்கள். இப்படிப் பதின்மூன்று இடமும் நிரம்பும் வரை. இதில் இன்னொன்று, 'புஷ்' என்பார்கள். ரீஜனலில் நான்காவது வந்த அணியிடம் நிறையப் புள்ளி இருந்தாலும், தன்னை ஜெயித்த மூன்றாவது அணியைத் தாண்டி அது போக முடியாது. அப்போது அந்தப் புள்ளி பலத்தில் மூன்றாவது அணியும் சேர்ந்து உள்ளே தள்ளப்படும்.

அப்பாவின் கேள்விக்குப் பதில் இதுதான். அக்டோபரில் மேடிசனில் நடக்கும் நட்டிகோம் மாதிரிப் பெரிய மீட்டுகளுக்கு நாடு முழுக்க இருந்து அணிகள் வருவது புள்ளி சேர்க்க. அன்று தோற்கடித்த அணி நவம்பரில் உள்ளே போனால், அன்றைய வெற்றி ஒரு மாதம் கழித்துப் புள்ளியாகும். ஊரிலேயே சின்ன ரேஸ் ஓடிக்கொண்டிருந்தால் புள்ளி சேர வழியில்லை. அதனால்தான் அக்டோபரில் முதல் ஏழு பேரும் ஓட வேண்டும் என்ற நெருக்கடி. வலியை மறைப்பதும் அந்த மாதத்தில்தான்.

கோச்சுகள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நான் பழகிய பலர் பிள்ளைகளைத் தன் பிள்ளை மாதிரிப் பார்ப்பவர்கள். ஆனால் பிள்ளை வாயைத் திறக்காவிட்டால் கோச்சுக்கு எப்படித் தெரியும்?

அன்று தாளில் போட்ட கணக்கில் முக்கியமானது இது. ஓர் அணியின் முதல் ஐந்து பேர் 6, 13, 21, 34, 47 என்ற இடங்களில் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 121. ஆறாவது பெண் 55-ல் வருகிறாள். இப்போது ஐந்தாமவள் வலியோடு ஓடி 96-ல் வந்தால்? ஆறாவது பெண் ஓர் இடம் முன்னேறி 54-க்கு வந்து ஐந்தாவதாகக் கணக்கில் சேருவாள். மொத்தம் 128. சரி, வலியுள்ள பெண் ஓடவே இல்லை, அவள் இடத்தில் வேறொருத்தி கடைசியாக ஓடுகிறாள் என்றால்? அப்போதும் 128 தான். அதாவது அவள் எலும்பைப் பணயம் வைத்து ஓடிய ஓட்டத்துக்கு அணியின் கணக்கில் ஒரு புள்ளிகூடப் பலன் இல்லை. ஆறாவது பெண்ணை முந்தும் அளவுக்கு ஓடினால்தான் பலன். அடி விழுந்த எலும்போடு அது நடக்காது.

ஏழு புள்ளி ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சில சமயம் அந்த ஏழில் நேஷனல்ஸ் போய்விடும். ஆனால் பிள்ளைகள் மனதில் இருக்கும் கணக்கு 'நான் இல்லைன்னா டீமே இல்லை' என்பது. அது உண்மை இல்லை. ஐந்து பேர் முடித்தால் போதும், அணிக்குப் புள்ளி உண்டு. பாதியில் வலி வந்து நின்றாலும் அணி தகுதி இழக்காது. இதைக் கேட்டதும் அந்தப் பெண் தாளைத் தன் பக்கம் இழுத்து, தன் டீமின் இடங்களை எழுதி மறுபடியும் கூட்டிப் பார்த்தாள்.

எம்.ஆர்.ஐ.யில் எலும்புக்குள் வீக்கம் தெரிந்தது. கோடு விழவில்லை; விழுவதற்கு முந்தைய நிலை. போன் ஸ்ட்ரெஸ் இஞ்சுரி என்போம். முதல் இரண்டு வாரம் காலுக்கு ஓய்வு தரும் மருத்துவ பூட், பிறகு நீச்சல்குளம், சைக்கிள். ஓட்டம் தொடங்கும்போது டிசம்பர் ஆகிவிட்டது. அந்த வருடம் அவள் அணி ரீஜனலில் முதல் இரண்டுக்குள் வரவில்லை, அட்-லார்ஜிலும் இடம் கிடைக்கவில்லை. அவள் ஓடியிருந்தால் கிடைத்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அழுதாள். அடுத்த ஆகஸ்டில் டீமோடு மலைமேட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். வலியை மறைத்து ஓடி, இடுப்புப் பந்துக் கிண்ணத்துக்குக் கீழே தொடை எலும்பின் கழுத்தில் முறிவோடு வந்த பையன் ஒருவனையும் நான் பார்த்திருக்கிறேன். அவனுக்கு ஸ்க்ரூ வைத்தார்கள். இடுப்புக் கவட்டில் ஆழமாக வலி, நடந்தாலும் வலி என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் இங்கே உண்டு. டிவிஷன் 1-ல் ஒரு மாணவர் ஓடலாமா கூடாதா என்ற முடிவு அணியின் டாக்டருக்கும் அத்லெட்டிக் டிரெய்னருக்கும் உரியது. கோச் அதை மாற்ற முடியாது என்று விதியே இருக்கிறது. பிள்ளை டிரெய்னரிடம் பேசினால் போதும். 18 வயது தாண்டிய பிள்ளையின் ரிப்போர்ட்டை, பிள்ளையின் அனுமதி இல்லாமல் உங்களிடம் காட்ட மாட்டார்கள். கோபப்படாமல், கையெழுத்துப் போடுகிறாயா என்று பிள்ளையிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சீசனின் முதல் பாதியில் அடிபட்டு, மிகக் குறைவான ரேஸ்களே ஓடியிருந்தால், மெடிக்கல் ரெட்ஷர்ட் என்று அந்த வருடத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. பாதி சீசன் தாண்டி வலியோடு ஓடிக்கொண்டே இருந்தால் அந்த வழி மூடிவிடும்.

டீம் தகுதி பெறாவிட்டாலும் தனியாகப் போக முடியும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. தகுதி பெறாத அணிகளில் இருந்து ஒவ்வொரு ரீஜனிலும் 4 பேர், முதல் 25 இடத்துக்குள் வந்திருந்தால் தனி ஆளாக நேஷனல்ஸ் போவார்கள். அட்-லார்ஜாக நாடு முழுக்கச் சேர்த்து இன்னும் 2 பேர்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தருவது பற்றிய வழக்கில் 2025-ல் வந்த தீர்வுக்குப் பிறகு, அந்தத் தீர்வில் சேர்ந்த கல்லூரிகளில் கிராஸ் கன்ட்ரி அணிக்கு 17 பேர் என்று வரம்பு வந்திருக்கிறது. ஸ்காலர்ஷிப் இல்லாமல் டீமில் ஒட்டிக்கொண்டு ஓடும் பிள்ளைகளுக்கு, 'ஒரு மாதம் உட்கார்ந்தால் என் இடம் போய்விடும்' என்ற பயம் இதனால் கூடியிருக்கிறது. அந்தப் பயத்தை லேசாக எடுக்காதீர்கள். வீட்டிலும் ஒருவர் "இன்னைக்கு எத்தனாவது வந்தே?" என்று கேட்டால் பிள்ளைக்கு இறக்கி வைக்க இடமே இருக்காது. முதல் கேள்வி "கால் எப்படி இருக்கு?" என்று இருக்கட்டும்.

அம்மாக்களுக்கு ஒன்று. ஓடும் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுபோவது சகஜம் என்று இன்னும் சொல்கிறார்கள். சகஜம் இல்லை. செலவாகும் அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகவில்லை என்று உடம்பு சொல்லும் சேதி அது. 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்தது, பையன்களுக்கும் வரும். எலும்பு மெலிவது இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. மூன்று மாதம் தள்ளிப்போனால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

சைவ வீட்டுப் பிள்ளைகளுக்கு இரும்புச் சத்து குறைவதை நிறையப் பார்க்கிறேன். ஹீமோகுளோபின் சரியாகக் காட்டும், சேமிப்பு காலியாக இருக்கும்; அதனால் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கீரையும் பருப்பும் சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். சாப்பிட்ட உடனே டீ, காபி வேண்டாம். அது இரும்பை உடம்பில் சேரவிடாது. நம் நிறத் தோலுக்கு வடக்குக் குளிர்காலத்து வெயில் போதாது, அதனால் வைட்டமின் டி-யும் பாருங்கள். இந்த ரத்தப் பரிசோதனையை ஜூலையிலேயே, பிள்ளை டீமின் பயிற்சிக் கேம்புக்குக் கிளம்பும் முன் செய்துவிடுங்கள். அக்டோபரில் பார்த்தால் மாத்திரை வேலை செய்வதற்குள் ரீஜனல் வந்துவிடும்.