மழை படாத பக்கம்தான் டவருக்கு ஆபத்து

சென்னையில் தொலைத்தொடர்பு, ஒலிபரப்பு டவர்களின் பராமரிப்பு என்றதும் எல்லோருக்கும் புயல்தான் நினைவுக்கு வரும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா அடித்த அடி அப்படி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் டவர் மீது விழும் விசை நான்கு மடங்காகும். ஆனால் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் டவரையே கட்டுகிறார்கள். கடற்காற்று கொண்டுவரும் உப்பு முன்பே தின்றுவைத்த இடத்தில்தான் அந்தக் கணக்கு பொய்த்துப்போகும்.

கடல் உப்பில் கொஞ்சம் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. காற்றில் ஈரப்பதம் 33 சதவீதத்தைத் தாண்டினாலே போதும், அது ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். நம் ஊரில் ஈரப்பதம் அதற்குக் கீழே போவது அபூர்வம். அதனால் சொட்டு மழையில்லாத மே மாதத்திலும் இரும்பின் மேல் உப்புநீர்ப் படலம் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

மழை இங்கே நண்பன். வெளிப்பக்கத்து உப்பைக் கழுவிவிடுகிறது. மழை எட்டாத அடிப்பக்கமும் தகடுகள் சேரும் இடுக்கும்தான் முதலில் போகும். பழகிய ஆள், ஏறும்போது முகத்துக்கு நேரே பளபளக்கும் பெயின்ட்டைச் சட்டை செய்யமாட்டார். கையை விட்டு அடியில் தடவிப் பார்ப்பார். வெள்ளைப் பொடி வந்தால், இரும்புக்குப் பதிலாக மேலே பூசிய துத்தநாகம் கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இன்னும் அவகாசம் இருக்கிறது. செம்பழுப்பு வந்தால் அவகாசம் முடிந்தது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும்; இடுக்கில் வீங்கித் தகடுகளைப் பிளக்கும், போல்ட்டை இழுத்து நீட்டும். போல்ட்டை இறுக்கியதும் நட்டிலிருந்து தகடு வரை பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவைப்பார்கள். அடுத்த முறை கோடு விலகியிருந்தால் நட்டு சுழன்றிருக்கிறது. இதைவிட மலிவான கருவி கிடையாது!

டவரின் கால்கள் குழாயால் ஆனவை என்றால் அடியிலுள்ள வடிகால் துளையைக் கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். அடைத்திருந்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, வெளியில் தெரியாமல் அரிக்கும்.

மத்திய அலை (மீடியம் வேவ்) வானொலிக் கம்பத்தின் கதை வேறு. அங்கே கம்பமே ஆன்டெனா. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் சுமார் 416 மீட்டர். அதில் கால் பங்கான 104 மீட்டர் உயரம் இருந்தாலே கம்பம் நன்றாக அலை பரப்பும். இப்படிப்பட்ட கம்பம் பொதுவாகப் மின்சாரம் கடத்தாத பீங்கான் இன்சுலேட்டர் மேல் நிற்கும். ஒலிபரப்பு ஓடும்போது தரையில் நின்றபடி அதைத் தொட்டால் கை வெந்துவிடும். டிரான்ஸ்மிட்டரை நிறுத்திப் பூட்டிய பிறகே ஏற வேண்டும். கம்பம் சாயாமல் சுற்றிலும் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகளின் இழுவிசையை அளக்க விடியற்காலைதான் தோது: கடற்காற்று எழுந்திருக்காது, வெயில் ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்கிக் கம்பத்தை வளைத்திருக்காது. ஸ்டே மண்ணுக்குள் இறங்கும் இடத்தைத் தோண்டிப் பார்க்கச் சோம்பல்படுகிறவர்கள் அதிகம். அரிப்போ அங்கேதான் கூடுதல்.

மறுபூச்சை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. துருவைச் சுரண்டினால் மட்டும் போதாது; நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். பூச்சுக்கு அடியில் உப்பு தங்கினால் அது பெயின்ட் வழியாகவே ஈரத்தை உறிஞ்சும், சீக்கிரமே பூச்சு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிடும்.