லேப்டாப் ஃபேன்: கழற்றும் முன் கொஞ்சம் காது கொடுங்கள்

லேப்டாப் இரைச்சல் போட ஆரம்பித்தால் உடனே ‘ஃபேன் போச்சு’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல சமயம் ஃபேன் மேல் தப்பே இருக்காது. எந்த மாதிரி சத்தம் என்பதை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

அதற்கு முதலில், ஃபேன், ப்ராசஸர் சிப்பின் மேல் நேரடியாகக் காற்றடிப்பதில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். ப்ராசஸர் மேல் ஒரு செம்புத் தகடு உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து தட்டையான ஒரு செம்புக் குழாய் லேப்டாப்பின் ஓரத்துக்குப் போகும். இதுதான் ஹீட் பைப். 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் விண்வெளிப் பயன்பாட்டை மனதில் வைத்து உருவாக்கிய சங்கதி. உள்ளே இருப்பது கொஞ்சூண்டு தண்ணீர்தான். காற்றை வெளியேற்றிவிட்டுக் குழாயை மூடியிருப்பதால் அந்தத் தண்ணீர் 100 டிகிரி வரை காத்திராமல் மிகக் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். ஆவி மறுமுனைக்கு ஓடி, அங்குள்ள மெல்லிய தகடுகளிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் நீராகும். குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்த நீரைச் சிப் பக்கம் இழுத்துவரும். நடுவில் வாயைத் திறந்துவைத்துக் காற்றை உறிஞ்சி, பக்கவாட்டில் அந்தத் தகடுகளின் இடுக்கு வழியாகத் தள்ளுவது மட்டுமே ஃபேனின் வேலை.

தூசி அடைவது சரியாக இந்த இடுக்கில்தான். ஃபேன் மூடியைக் கழற்றினால் இறக்கைகள் ஓரளவு சுத்தமாகவே தெரியும். தகடுகளின் வாயிலோ சாம்பல் நிறத்தில் ஒரு அடை அப்பியிருக்கும். வெப்பம் வெளியேறாததால் மதர்போர்டு ஃபேனை இன்னும் விரட்டும். வேகம் இரண்டு மடங்கானால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் கூடும். ஃபேன் தின்னும் மின்சாரமோ எட்டு மடங்காகும். ஆகவே ‘உய்ங்’ என்ற சீரான இரைச்சல் என்றால் முதலில் தூசியைத் தட்டுங்கள். காற்றடிக்கும்போது இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் கெடும்.

காலையில் ஆன் செய்ததும் ‘கரகர’ என்று ஆரம்பித்து, சற்று நேரத்தில் அடங்கினால் அது வேறு கதை. ஃபேனின் அச்சு, எண்ணெய் ஊறிய ‘புஷ்’ என்ற சின்ன உலோக வளையத்துக்குள் சுழல்கிறது. வருடக்கணக்கான சூட்டில் எண்ணெய் வற்றினால் அச்சு ஆடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் கொஞ்ச நாள் ஓடலாம். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், மார்கழிக் குளிரில் உறைந்துகொள்ளும். என்னைக் கேட்டால் ஃபேனை மாற்றிவிடுவதே மேல்.

அதே சைஸில் ஏதோ ஒன்றை வாங்கிப் போட முடியாது. பெரும்பாலான ஃபேன்களில் நான்கு ஒயர்கள். இரண்டு கரண்டுக்கு, ஒன்று ‘இவ்வளவு வேகமாகச் சுற்று’ என்ற உத்தரவுக்கு. நான்காவதுதான் சுவாரசியம்: பொதுவாக ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு வீதம், தான் ஓடுவதை ஃபேன் அதன் வழியே மதர்போர்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பு வராவிட்டால் லெனோவோவின் திங்க்பேட் லேப்டாப் ‘ஃபேன் எரர்’ என்று காட்டிவிட்டு அணைந்துவிடும். சென்னை ரிச்சி தெருவில் தேடினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பரைப் பொருத்திப் பாருங்கள். இரட்டை ஃபேன் என்றால் இடதா வலதா என்பதையும்.

கழற்றும்போது முதல் வேலை பேட்டரி கனெக்டரை எடுப்பது. ஆஃப் செய்த லேப்டாப்பிலும் கரண்டு உண்டு. ஸ்க்ரூ டிரைவர் வழுக்கினால் போர்டு காலி. அப்புறம் ஃபேன் கனெக்டர். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். நகத்தாலோ பிளாஸ்டிக் குச்சியாலோ இரு ஓரமும் மாறி மாறி நெம்புங்கள். அவசரப்பட்டால் சாக்கெட்டே பெயர்ந்து வந்துவிடும்.

சில மாடல்களில் ஃபேனோடு ஹீட் பைப்பையும் தூக்க வேண்டியிருக்கும். அப்படித் தூக்கினால், சிப்புக்கும் செம்புத் தகடுக்கும் நடுவே தடவியிருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிது வைத்தே ஆக வேண்டும். அதிகம் அப்பாதீர்கள். பேஸ்ட் காற்றைவிட நன்றாக வெப்பத்தைக் கடத்தும், ஆனால் செம்புக்குப் பக்கத்தில்கூட வராது. இரண்டு பரப்புக்கும் நடுவிலுள்ள நுண்ணிய பள்ளங்களை நிரப்பினால் போதும். ஸ்க்ரூக்கள் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் பொறித்திருந்தால் அந்த வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

மாட்டியதும் ஏதாவது கனமான வேலை கொடுத்துவிட்டு, காற்று வெளியேறும் இடத்தில் கையை வையுங்கள். சூடாக வந்தால் நல்லது. காற்று பலமாகவும் குளிர்ச்சியாகவும் வந்து, சிப் மட்டும் 95 டிகிரியில் கொதித்தால், சிப் மேலுள்ள செம்புத் தகடு சரியாக உட்காரவில்லை. மறுபடி கழற்றத்தான் வேண்டும்.