இரண்டு ஆட்சி, ஒரே அகலம்: கடலூர் ரயிலும் புதுச்சேரி ரயிலும்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ் ஏறினால் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். ரயிலில் போகவேண்டும் என்றால் கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் ஏறி, நெல்லிக்குப்பம், பண்ருட்டி தாண்டி விழுப்புரம் போய், வளவனூர், வில்லியனூர் வழியாக மறுபடி கடல் பக்கம் வரவேண்டும். சுமார் எண்பது கிலோமீட்டர். இன்றைக்கும் இதுதான் நிலைமை. இரண்டு ஊர்ப் பாதைகளும் கைகோக்கும் ஒரே இடம் விழுப்புரம்.

இந்தப் பாதைகள் பிறந்தபோது இரண்டு ஊரும் இரண்டு ஆட்சியின் கீழ் இருந்தன: கடலூர் ஆங்கிலேயரிடம், புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம். கடலூர் வழியாகத் தெற்கே போகும் 'மெயின் லைன்', 1874-இல் உருவான தென்னிந்திய ரயில்வே போட்டது. 1877 வாக்கில் கடலூருக்கு ரயில் வந்துவிட்டது. விழுப்புரம்–புதுச்சேரி பாதை 1879-இல் திறக்கப்பட்டது. அதில் பிரெஞ்சு எல்லைக்குள் வரும் பகுதி மட்டும் பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனிக்குச் சொந்தம். கொடி வேறு, சட்டம் வேறு, சுங்கச் சோதனையும் உண்டு. ஆனால் இரண்டு பாதையிலும் தண்டவாளங்களுக்கு இடையே இருந்த இடைவெளி மட்டும் அச்சு அசலாக ஒன்று: 1,000 மில்லிமீட்டர்.

அந்த ஒற்றுமைதான் புதுச்சேரி ரயிலுக்கு உயிர் கொடுத்தது. தென்னார்க்காட்டுக் கரிசலிலும் செம்மண்ணிலும் விளைந்த மணிலாக் கொட்டை, அதாவது வேர்க்கடலை, அந்தக் காலத்தில் புதுச்சேரியில் கப்பல் ஏறி பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போனது. அளவு வேறாக இருந்திருந்தால் விழுப்புரத்தில் ஒவ்வொரு மூட்டையையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்றியிருக்க வேண்டும். கூலி, நாள், சிந்தும் சேதாரம் எல்லாம் கூடியிருக்கும். அளவு ஒன்றாக இருந்ததால் கம்பெனி சொந்தமாக எஞ்சின் வாங்கி ஓட்டவேண்டிய தேவையே வரவில்லை. தென்னிந்திய ரயில்வேயே அந்தப் பாதையிலும் வண்டி ஓட்டியது.

சரி, ஏன் ஒரு மீட்டர்? இந்தியாவில் முதலில் வந்தது 1,676 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அடி அகலப் பாதை. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்து முடிவு அது. அதற்குச் செலவு அதிகம். 1870-இல் வைசிராயாக இருந்த மேயோ, பெரிய வரும்படி இல்லாத பகுதிகளுக்குக் குறைந்த செலவில் ரயில் வேண்டும் என்று குறுகிய அளவைத் தேர்ந்தெடுத்தார். மூன்றேகால் அடி என்று பேச்சு வந்தது. அந்தச் சமயம் இந்தியாவுக்கு மெட்ரிக் அளவுமுறையைக் கொண்டுவரும் யோசனை ஓடிக்கொண்டிருந்ததால், அதை முழு ஒரு மீட்டராக்கினார்கள். பொதுமக்களின் தராசுக்கும் அளவுகோலுக்கும் மெட்ரிக் வர 1950-கள் ஆயின. ஆனால் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பிறந்த அந்த மீட்டர், கடலூரில் கெடிலம் ஆற்றுப் பாலத்தின்மேல் 1870-களிலேயே இரும்பாகப் படுத்துக்கிடந்தது. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அகலம் குறைந்தால் செலவு எப்படிக் குறைகிறது? தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை சின்னது, பாலம் ஒடுக்கம், கரைக்குக் கொட்டும் மண் குறைவு. இவை பார்த்தவுடன் புரிபவை. இன்னொரு காரணம் வளைவில் ஒளிந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

காரோ ஆட்டோவோ திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும். அதற்காக அந்த வண்டிகளில் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர ஏற்பாடு இருக்கிறது. ரயிலில் அது கிடையாது. இரண்டு சக்கரமும் ஒரே இரும்பு அச்சில் இறுக்கிப் பொருத்தப்பட்டவை. ஒன்று ஒரு சுற்று சுற்றினால் மற்றதும் ஒரு சுற்றுதான். பிறகு எப்படி வளைகிறது?

டீக்கடை பேப்பர் கப் இரண்டை எடுத்து, வாயோடு வாய் வைத்து டேப் ஒட்டுங்கள். நடு பெருத்து, இரண்டு ஓரமும் சிறுத்த ஒரு உருளை கிடைக்கும். இரண்டு நீளக் குச்சிகளை இணையாக வைத்து, ஒரு முனையின் கீழ் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, மேலிருந்து உருட்டி விடுங்கள். வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக வைத்து விட்டாலும் அது தள்ளாடித் தள்ளாடி நடுவுக்கே வந்து இறங்கும். அடியோடு அடி ஒட்டி விட்டால் உடனே குப்புற விழும். என் வீட்டுத் தரையில் இருபது முறை உருட்டிப் பார்த்தேன். அலுக்கவில்லை.

ரயில் சக்கரமும் வாயோடு வாய் வைத்த கப் மாதிரிதான். உள்பக்கம் சற்றுப் பருமன், வெளிப்பக்கம் சற்றுச் சிறுசு. இந்தியாவில் வழக்கமாக இருபதுக்கு ஒன்று என்ற சரிவு. வண்டி வளைவில் நுழையும்போது முழு அச்சும் சில மில்லிமீட்டர் வெளிப்பக்கம் ஒதுங்குகிறது. அப்போது வெளித் தண்டவாளத்தின்மேல் சக்கரத்தின் பருத்த பகுதியும், உள் தண்டவாளத்தின்மேல் சிறுத்த பகுதியும் உட்காரும். சுற்று ஒன்றேதான், ஆனால் வெளிச்சக்கரம் அதிக தூரம் போய்விடுகிறது. வண்டி தானாகத் திரும்புகிறது. சக்கரத்தின் உள்ஓரத்தில் இருக்கும் ஃபிளாஞ்ச் என்ற விளிம்பு, பெரும்பாலும் கடைசிக் காவல்தான். வளைவு மிகவும் நெருக்கமாக இருந்து சரிவு மட்டும் போதாமல் போகும்போது அந்த விளிம்பு தண்டவாளத்தில் உரசுகிறது. காது கூசும் அந்தக் கிறீச் சத்தம் பெரும்பாலும் வளைவுகளில் மட்டும் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது அகலத்துக்கு வருவோம். பாதை கால் வட்டம் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் பாதையான மீட்டர் கேஜில் வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட ஏறத்தாழ 1.57 மீட்டர் நீளம். ஐந்தரை அடி அகலப் பாதையான பிராட் கேஜில் அதே திருப்பத்துக்கு ஏறத்தாழ 2.63 மீட்டர். வளைவு பெரிதா சிறிதா என்பது இந்த வித்தியாசத்தை மாற்றாது. அகலமும் திரும்பும் கோணமும் மட்டுமே மாற்றும். ஆக, அகலப் பாதையில் சக்கரம் அதிகமாக ஈடுகட்ட வேண்டும். அதே சக்கரத்தோடு அதே அளவு மட்டும் ஒதுங்கி ஈடுகட்ட வேண்டுமானால், வளைவு 1.676 மடங்கு விரிவாக இருக்க வேண்டும். இந்திய ரயில்வே விதிகளில் அனுமதிக்கப்பட்ட மிக நெருக்கமான வளைவின் ஆரம் பிராட் கேஜுக்கு 175 மீட்டர், மீட்டர் கேஜுக்கு 109 மீட்டர். வகுத்தால் சுமார் 1.6. மேட்டையும் குளத்தையும் சுற்றி வளைந்து போக முடிந்தால் மண் வெட்டும் செலவு மிச்சம், நிலம் வாங்கும் செலவும் மிச்சம்.

அப்புறம், குறுகினால் நிலைத்தன்மை குறையும். கால்களைச் சேர்த்து நிற்பதற்கும் அகட்டி நிற்பதற்கும் உள்ள வேறுபாடு அது. இங்கே மீட்டர் கேஜ் வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரோடு நின்றது. ஆனால் குறுகிய பாதை என்றாலே பலவீனம் என்று நினைக்கக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் 1,067 மில்லிமீட்டர் பாதையில் முந்நூறுக்கும் மேற்பட்ட பெட்டிகளோடு இரும்புத்தாது ரயில்கள் ஓடுகின்றன. தண்டவாளத்தின் கனமும் கட்டையும் சரளைக்கல் படுக்கையும் சேர்ந்துதான் வலிமை. ஒரு பாதைக்கு அதன் அளவைவிட, பக்கத்துப் பாதையோடு அந்த அளவு ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

அதை நம் ஊர்க்காரர்கள் பட்டே தெரிந்துகொண்டார்கள். 1992-இல் எல்லாவற்றையும் அகலப் பாதையாக்கும் திட்டம் தொடங்கியது. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குப் போகும் 'கார்டு லைன்' என்ற குறுக்குப் பாதை முன்னதாக மாறியது. புதுச்சேரி பாதையும் மாறியது. கடலூர் மெயின் லைன் மட்டும் மீட்டர் கேஜிலேயே நின்றது. 1879 முதல் ஒன்றாக இருந்த இரண்டு பாதைகள் முதல்முறையாக வேறு வேறு அளவாயின. சென்னையிலிருந்து வருபவர்கள் விழுப்புரத்தில் பெட்டி படுக்கையோடு இறங்கி, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த பிளாட்பாரத்தில் நிற்கும் சின்ன வண்டிக்கு ஓடினார்கள். 2006 கடைசியில் அந்த வண்டியும் நின்றது. கட்டை, பாலம், பிளாட்பாரம் என்று எல்லாவற்றையும் புதிதாகச் செய்யவேண்டியிருந்ததால் மூன்று வருஷத்துக்கு மேல் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் ரயில் சத்தமே இல்லை.

எஞ்சின் முகப்பில் எழுதியிருக்கும் முதல் எழுத்தே பாதையின் அகலத்தைச் சொல்லிவிடும். மீட்டர் கேஜுக்கு 'ஒய்', பிராட் கேஜுக்கு 'டபிள்யூ'. இந்தப் பாதைகளில் ஒரு தலைமுறையே 'ஒய்டிஎம்-4' டீசல் எஞ்சினைப் பார்த்து வளர்ந்தது. 2010-இல் விழுப்புரம்–மயிலாடுதுறை பாதை அகலமாகித் திறந்தபோது கடலூர் மெயின் லைனிலும் 'டபிள்யூ' என்ற எழுத்தோடு எஞ்சின் வந்தது. புதுச்சேரியில் அதே எழுத்து ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. இரண்டு பாதையும் மறுபடி ஒரே அளவு, இந்தமுறை 1,676.