மீன்வள ஆய்வில் யாரிடம் கேட்கிறோம்?

1947-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டபோது, கடலில் எந்த மீன் எவ்வளவு இருக்கிறது, எப்போது முட்டையிடும், எவ்வளவு பிடிக்கலாம் என்பவைதான் முதன்மையான கேள்விகள். அவையெல்லாம் தேவைதான். ஆனால் பிடிப்பவர் யார், காசு யார் கைக்குப் போகிறது என்ற கேள்விகள் பின்னால்தான் வந்தன.

அந்தக் கேள்விகள் எழ ஒரு காரணம் கேரளத்தின் நீண்டகரை. 1952-இல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டம், மீனவர் வாழ்க்கையை உயர்த்துவதற்காக அங்கே வந்தது. விசைப்படகு வந்தது, இறால் ஏற்றுமதி சூடுபிடித்தது, வெளியாட்களின் முதலீடும் கூடவே கடலில் இறங்கியது. கட்டுமரக்காரர்களும் வள்ளக்காரர்களும் தெருவில் இறங்கிப் போராட வேண்டியதாயிற்று. 1988-இல் அங்கே மழைக்கால இழுவலைத் தடை வந்தது அந்தப் போராட்டங்களால்தான். ஜான் குரியன் போன்ற பொருளியலாளர்கள் இதை விரிவாக எழுதினார்கள்.

இன்னொரு பக்கம், எல்லாருக்கும் பொதுவான கடலை யாரும் காப்பாற்ற மாட்டார்கள் என்ற கருத்து. 1954-இல் பொருளியலாளர் ஸ்காட் கார்டன் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அது வேரூன்றிவிட்டது. பழவேற்காட்டுக்குப் போய்ப் பார்த்தால் அந்தக் கருத்து முழுசாக நிற்காது. ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களைப் 'பாடு' என்று பிரித்து, முறை வைத்து மாற்றிக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவர் அடுத்த முறை வேறு இடத்துக்குப் போக வேண்டும். யார் எப்போது எங்கே வலை கட்டுவது என்பதை ஊரே தீர்மானிக்கிறது. சரி, இதை அப்படியே கொண்டாடிவிடவும் முடியாது. அந்தப் பாடு முறையில் எல்லாச் சாதியினருக்கும் இடமில்லை. வெளியே நிற்பவர்களிடமும் கேட்டால்தான் ஆய்வு முழுமையாகும்.

களத்தில் என்னை அதிகம் வருத்துவது கணக்கெடுப்புப் படிவம். 'குடும்பத் தலைவர்' என்று தொடங்கி, படகு, வலை, எஞ்சின், டீசல் என்று கேள்விகள் நீளும். அவர் மனைவியின் தொழிலுக்கு ஒரே ஒரு கட்டம். "வீட்லதான் இருக்கு" என்பார் கணவர், 'இல்லத்தரசி' என்று எழுதப்படும். அந்த அம்மா விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்று, மிஞ்சியதை உப்புப் போட்டுக் காயவைத்திருப்பார். டீசலுக்கு வாங்கிய தண்டல் கடனை அடைப்பதும் பல வீடுகளில் அவர்தான். பேருந்தில் கூடையை ஏற்ற மறுப்பதும், சந்தையில் கழிப்பறை இல்லாததும் அந்தப் படிவத்துக்குத் தெரியாது. தெரியாததற்கு எந்தத் திட்டமும் பணம் ஒதுக்காது.

கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: பெண்களிடம் தனியாகப் பேசுங்கள், ஏலமும் வியாபாரமும் முடிந்த நேரத்தில் போங்கள். கடன், வட்டி, பங்கு மூன்றையும் கேளுங்கள். முடிவுகளை ஊர்க்கூட்டத்தில் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். கிராமத்துக்காரர்களும் தயங்காமல் கேட்கலாம்: "போன வருஷம் எழுதிக்கொண்டு போனீர்களே, அது என்ன ஆச்சு?"